சுப்ராயன் கையால் வாங்கிய நற்சான்று

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
20 செப்டம்பர் 1959

அன்பு மகன் எத்தியேனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் அம்மாவும் உன் தங்கை ஜோசெத்தும் இங்கே நன்றாகவே இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் இருமல் காய்ச்சல் அண்டாமல் நீயும் நன்றாயிருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எங்களுக்கு நிம்மதி. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஜோசெத்துக்குக் காரைக்காலிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, பையன் பள்ளிக்கூட வாத்தியார், உயரம்தான் குறைவு என்று அம்மா இழுத்துக்கொண்டிருக்கிறாள். கிணற்றடித் தென்னை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது.

உன் கடிதம் போன வாரம் வந்தது. பட்டாளத்தை விட்டு வெளியே வந்ததும் பரீஸ் போலீசில் சேர மனுப்போடப் போவதாகவும், அதற்கு மெரி என்கிற நகராட்சி ஆபீசிலிருந்து பிறப்புப் பத்திரமும் ஊர்ப் போலீசிடமிருந்து நற்சான்றும் வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். ஜோசெத்துதான் உரக்கப் படித்தாள். கேட்டதும் அம்மா அழுதாள், அங்கே தெருவில் நிற்கிற போலீஸ்காரனைச் சுட்டுவிட்டு ஓடுகிறார்களாம் என்று யாரோ கோயிலில் சொல்லியிருக்கிறார்கள், அந்த வேலை வேண்டாம் என்று அவனுக்கு எழுதுங்க என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அழுது முடித்ததும் எதிர்வீட்டுக்குப் போய் எம்புள்ள பரீசுல போலீசா ஆவப்போறான் என்று சொல்லிவிட்டும் வந்தாள். நான் அன்றைக்கு யாரோடும் பேசவில்லை. அப்பாவுக்குச் சந்தோஷத்தில் வாய் அடைத்துவிட்டது என்று ஜோசெத் உனக்கு எழுதினாலும் எழுதுவாள், நம்பாதே. எனக்கு வயிறு எரிந்தது எத்தியேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து இப்படியும் எரியுமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் எரிந்தது.

மெரியில் வேலை சுலபமாக முடிந்தது. நற்சான்றுக்குத்தான் சுப்ராயனிடம் போகவேண்டியிருந்தது. சுப்ராயனை உனக்கு ஞாபகமிருக்கும், நான் போலீஸ் வேலையில் இருந்தபோது எனக்குக் கீழே சேர்ந்தவன், உன்னைச் சைக்கிளில் வைத்துக் கடற்கரைக்கு அழைத்துப் போவானே அவன்தான். பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது இன்னொரு சர்க்காருக்குச் சல்யூட் அடிக்க மாட்டேன் என்று நான் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், அவன் இருந்துகொண்டான், இப்போது இன்ஸ்பெக்டர். அவன் ஜீப்பில் போவதை வழியில் பார்த்தால் நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வது வழக்கம். அவனிடம் போய் நிற்பதைவிட உன் மனு நின்றுபோனாலும் சரி என்று இரண்டு நாள் சும்மாயிருந்தேன். வேலை வேண்டாம் என்று அழுத உன் அம்மாவேதான், புள்ள கேட்டதைக்கூட வாங்கித் தராம உக்காந்திருக்கீங்களே என்று என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினாள்.

ஸ்டேஷனில் பெஞ்சியில் உட்காரவைத்தார்கள். நான் எத்தனையோ பேரை உட்காரவைத்த அதே பெஞ்சி. வாசலில் நின்ற பையன்கள் தலையில் அதே சிவப்புத் தொப்பி, என்னை யாரென்று ஒருவனுக்கும் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டதும் எனக்கு ஒரு சங்கடம், வாடா சுப்ராயா என்று கூப்பிட்ட வாய், இப்போது நீ என்பதா நீங்க என்பதா தெரியாமல் இரண்டும் இல்லாமலே பேசி முடித்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. உட்காருங்கண்ணே, மரி-க்ளேர் அண்ணி சௌக்கியமா என்றான். சங்கதியைச் சொன்னேன். காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, பையன் மேல கேசு கீசு ஏதாச்சும் உண்டா என்று முகம் மாறாமல் கேட்டான். அவன் தோளில் ஏறி வளர்ந்த பிள்ளையைப் பற்றி என்னிடமே அப்படிக் கேட்கிறான். சட்டப்படி கேட்கவேண்டிய கேள்விதான், எனக்கும் தெரியும், ஆனாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இல்லை என்றேன். எந்த ஊரு போலீசுக்குண்ணே என்றான். பரீஸ் என்றேன். பேனா நின்றுவிட்டது. அங்க வெள்ளைக்காரனுக்கும் நம்ம பையனுக்கும் ஒரே சம்பளமா, ஒரே உடுப்பா என்று கேட்டான். தெரிந்தவன்போல ஆமாம் ஒரே உடுப்பு என்றேன். அவன் முகம் வாடியதை என் கண்ணால் பார்த்தேன். சின்ன வயசா இருந்தா நாமளும் எழுதிப் போட்டிருக்கலாம் இல்லண்ணே என்றான். நம்மள எடுத்திருக்க மாட்டான் சுப்ராயா என்றேன், அப்போதுதான் பேர் சொல்லிக் கூப்பிடவே வந்தது. அவனும் மறுக்கவில்லை. நற்சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டீ வரவழைத்தான், நான் குடித்தேன், அவனுடையது ஆறிப்போயிற்று. இன்ஸ்பெக்டருக்கும் என்னைப்போலவே வயிறு எரிகிறது என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு குளிர்ச்சி, ஆண்டவர் மன்னிக்கவேண்டும், அன்றைக்கு மத்தியானம் மீன்குழம்பு இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

ராத்திரிக்குள் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. சுப்ராயன் மேல் பொறாமை எனக்குப் பழகிப்போன வியாதி, உன் மேல் வந்ததுதான் புதிது. ஏன் வந்தது என்று உனக்குத் தெரியவேண்டும். நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு தேர்த் திருநாளில் துறைமுக முனையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் மோட்டார் வந்தது, கை காட்டினேன், நிற்கவில்லை. குறுக்கே நின்றேன், முழங்காலில் இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. மறுநாள் எங்கள் மேலதிகாரி கொமிசேர் துரை கூப்பிட்டு, யார் வண்டியென்று பார்த்துக் கை காட்டத் தெரியாதா என்று என்னைத்தான் திட்டினார், ஆற்றுக்கு அந்தப்பக்கம் அரியாங்குப்பத்துக்கு மாற்றிப் போட்டார்கள். எனக்கு அடுத்த படியான பிரிகாதியே பதவிக்கு நான் போட்ட மனுவும் அதோடு போயிற்று. அதற்கப்புறம் வண்டியின் நிறத்தையும் உள்ளே இருப்பவன் நிறத்தையும் பார்த்துவிட்டுத்தான் என் கை மேலே போகும். உன் கை அப்படியெல்லாம் பார்க்காது. வந்தவன் யாராயிருந்தாலும் நிற்பான். அதை நினைக்கும்போது நான்தான் உன்னைப் பெற்றேனா, நீ எனக்குப் போட்டிக்காரனா என்று புரியவில்லை.

உன் அம்மா சொன்னபடி வேண்டாம் என்று எழுதத்தான் முந்தாநாள் உட்கார்ந்தேன். உயிருக்கு ஆபத்து, நீ எங்களுக்கு ஒரே ஆண்பிள்ளை, தபால் ஆபீசில் பார் என்று நன்றாகத்தான் எழுதினேன், நான் சொன்னால் நீ கேட்பாய் என்றும் தெரியும். பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். எழுதுவது பயமா பொறாமையா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பயம் மட்டும் என்றால் அனுப்பியிருப்பேன். கிழித்து அடுப்பில் போட்டேன். அம்மாவிடம், அவன் போகட்டும் மரி, தடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள், சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன்.

ஆகவே பிறப்புப் பத்திரமும் நற்சான்றும் இதோடு பதிவுத் தபாலில் வருகின்றன. மனுவைப் போடு. காலுக்கு நல்ல சப்பாத்து வாங்கு, இந்த வேலையில் முதலில் தேய்வது கால்தான். கையைக் கட்டி நிறுத்தியவனை அடிக்காதே, எவன் சொன்னாலும் அடிக்காதே. நம் நிறத்தில் ஒருவன் வந்து வழி கேட்டால் மற்றவனிடம் பேசுகிற மாதிரியே அவனிடமும் பேசு. ஆள் நடமாட்டமில்லாத தெருவில் தனியாக நிற்காதே, அம்மாவுக்காகச் சொல்கிறேன், எனக்காகவும்தான். மாதாவும் காவல் சம்மனசுகளும் உன் முன்னும் பின்னும் நடக்கட்டும், நீ நினைத்த வேலை உனக்குக் கிடைக்கட்டும், என் முழு மனசோடுதான் சொல்கிறேன், மனசின் ஒரு மூலை கேட்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய. ஜோசெத் வரனைப் பற்றி உன் அபிப்பிராயத்தை மறக்காமல் எழுது.

இப்படிக்கு
உன் மேல் உயிரை வைத்திருக்கும் அப்பா
ம. சவரிநாதன்

உடுப்புப் போட்டுப் படம் எடுத்தால் அம்மா பேருக்கு அனுப்பு, என் பேருக்கு வேண்டாம். அவள் காலைப் பூசைக்குப் போனதும் நான் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.