கீழ்ப்பல்தான் முதலில்

மச்சான்,

உங்கள் மோட்டார் சைக்கிளை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நேற்று திடீர் மழை. இருக்கையைத் தூக்கி உங்கள் மழைச்சட்டையை எடுத்து உதறினேன். மடிப்புக்குள்ளிருந்து ஒரு ரப்பர் விரலுறை விழுந்தது. குழந்தைக்குப் பல் தேய்க்க விரல் நுனியில் மாட்டிக்கொள்வார்களே, அதுதான். என் மகள் கயல் கைக்குழந்தையாக இருந்தபோது நான் வாங்கி வந்தது. நீங்கள் அதை முகர்ந்து பார்த்து, "எதுல செஞ்சானோ, இதைப் போயி பிள்ள வாயில விடுறதா" என்று மேசை ஓரத்தில் வைத்தீர்கள். மறுநாள் காணவில்லை. நீங்கள்தான் எடுத்து ஒளித்திருப்பீர்கள் என்று அப்போதே சந்தேகப்பட்டேன். என் சந்தேகங்கள் லேசில் வீண் போவதில்லை.

உங்களுக்கு மட்டும் என்ன, சந்தேகப்படுவதுதானே தொழில். ஜுருவில் பழைய கார்களை வாங்க வருகிறவர்களுக்காக வண்டியைச் சோதித்துக் கொடுத்தீர்கள். "மீட்டரை நம்பாதீங்க, பெடலைப் பாருங்க" என்பீர்கள். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீட்டருக்குத் தெரியும், தேய்ந்த பெடலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று விளக்கம் வேறு. மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தீர்கள். உங்கள் தங்கையை எனக்குக் கட்டிக் கொடுப்பதற்கு முன்புகூட என் செருப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர் நீங்கள்.

கயலுக்குப் பல் முளைக்கும் பருவத்தில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து என் அத்தை வந்தார். குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே, மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெயில் அடிக்கிறது, துணியை எடுத்துப் போடுங்கள் என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாக. தாய்மாமனாகிய நீங்கள் எதிரிலேயே உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தீர்கள். சிரித்தீர்கள். ரொட்டி டீக்குள் விழுந்து கரைந்ததை நீங்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மறுநாள் காலையில், நாம் எல்லோரும் இருந்த சுங்கை பினாங் வீட்டின் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நீங்களும் கயலும். அதற்கடுத்த நாளும் அப்படியே. என்ன நடக்கிறது என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். ஈறு துடைக்கிறாராம். இத்தனை நாள் குழந்தையைக் குளிப்பாட்டக்கூடப் பயந்த மனிதருக்கு ஈறு துடைக்கும் ஆசை எங்கிருந்து வந்தது? ஒரு நாள் கதவைத் திறந்துவிட்டேன். குழந்தை உங்கள் மடியில் மல்லாந்திருந்தது. உங்கள் வாயில் டார்ச் லைட், விரலில் சுற்றிய ஈரத் துணி. எஞ்சினுக்குள் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கும் அதே முகம்.

உயிருக்குப் பயந்து வேவு பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். சிரிப்பாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒரு பிள்ளையின் வாயில் இவருடைய ஆயுள் இருக்கிறதாமா?

ஆனால் அதில் ஒரு மர்மம் இருந்தது. உங்களிடம் அவள் வாயைத் திறந்தாள். நான் விரலைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள், மீறினால் அலறினாள். துணியில் சீனி தடவுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். ஒருமுறை நீங்கள் வெளியே போனதும் அந்தத் துணியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர். திரும்பி வந்த நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்து, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னீர்கள்.

"முதல்ல உங்க வாயைத் தொறந்து காட்டுங்க. அவ விரலை விட்டுப் பாக்கட்டும். நம்ம வாய்ல என்னா இருக்குன்னு தெரியாம அவ வாயை எப்படித் தொறப்பா? அவளும் நம்ம மாதிரிதான்லா, சந்தேகப்படுற ஆளு."

அப்படியே செய்தேன். கயல் என் கீழுதட்டைப் பிடித்து இழுத்தாள், பல்லைத் தட்டினாள், நாக்கைக் கிள்ளினாள். பிறகு உங்கள் கியர் விளையாட்டு. கீழே இடப்பக்கம் ஒன்றாம் கியர், வலப்பக்கம் இரண்டு, மேலே மூன்றும் நான்கும், நாக்கைத் துடைத்தால் ரிவர்ஸ். ஒவ்வொன்றுக்கும் தொண்டையில் ஒரு சத்தம். நான்காம் கியர் வருவதற்குள் அவள் சிரித்துவிடுவாள், சிரிக்கும் வாயைத் துடைப்பது சுலபம். அவள் அழும்போது ஒரு தடவையும் நீங்கள் விரலை உள்ளே விட்டதில்லை. "இன்னைக்கி வண்டிக்கி லீவு" என்று எழுந்துவிடுவீர்கள், சாயங்காலம் மறுபடியும் ஆரம்பிப்பீர்கள்.

பிறகு கொஞ்ச நாள் நீங்கள் யாரையும் கிட்டே விடவில்லை. ஈறு வீங்கியிருக்கிறது, தொட்டால் வலிக்கும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். அந்தச் சமயத்தில்தான், கோயில் பக்கமே போகாத நீங்கள் தண்ணீர்மலைக்குப் படியேறிப் போய் வந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்குக் காற்று வாங்க என்றீர்கள். கடற்கரையில் இல்லாத காற்றா மலைமேல்? அப்போது அதை நான் எதனோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதன் பிறகு ஒரு மாலையில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, பல் வந்துவிட்டது, கீழ்ப்பல்தான் முதலில், மேலேயும் ஒன்று கூடவே எட்டிப் பார்க்கிறது என்று அறிவித்தீர்கள். உங்கள் தங்கை வழக்கப்படி பல் கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலைவழியே உதிர்த்தாள். அத்தை வந்து, கண்ணைச் சுருக்கி வாய்க்குள் பார்த்து, உங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். தரையில் உருண்ட கொழுக்கட்டைகளைப் பொறுக்கித் தின்றவர் நீங்கள்.

போன வருடம் ஜுருவில், ஒரு காரின் அடியிலிருந்து வெளியே வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதான். காரியத்தன்று அத்தை என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அன்னைக்கி எந்தப் பல்லு முதல்ல வந்துச்சு?" என்று கேட்டார். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

கயலுக்கு இப்போது பால்பல் ஆடுகிறது. மேல்பல். கீழே எல்லாம் இறுகி இருக்கின்றன. கிளினிக்கில் பல் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸியிடம் காட்டினேன். பெரும்பாலும் முளைத்த வரிசையில்தான் விழும், மாறியும் விழலாம், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். வீடு வரும்வரை அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல் என்னை விடவில்லை. ஈறு வீக்கம், சாத்திய கதவு, தண்ணீர்மலை, எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நீங்கள் தேய்ந்த பெடலைப் பார்ப்பீர்களே, அப்படி.

மச்சான், மேல்பல்தானே முதலில் வந்தது? கீழ்ப்பல் வரும்வரை காத்திருந்துதானே எங்களுக்குக் காட்டினீர்கள்? கம்பெனிக்காரன் ஒட்டிய லேபிளைக்கூட நம்பாத நீங்கள், அத்தை சொன்னதை நம்பினீர்களா? நம்பியிருந்தால், அதைச் சுமந்துகொண்டா தினமும் காலையில் ஒன்றாம் கியர், இரண்டாம் கியர் என்று சத்தம் போட்டீர்கள்? உயிருக்குப் பயந்து வேவு பார்க்கிறீர்கள் என்று நினைத்தேனே. அவள்மேல் ஒரு சொல் விழுந்துவிடக் கூடாதென்று காவல் இருந்திருக்கிறீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார், தம்பிப் பாப்பாவைப் பார்க்க. ஆமாம், உங்கள் தங்கைக்கு இப்போது ஒரு மகன். அவனுக்கும் ஈறு தடிக்கிறது, அவனும் என்னிடம் வாயைத் திறப்பதில்லை. அவனுக்கு எந்தப் பல் முதலில் வந்தாலும் யாரும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட மாமன் இல்லை. கயல் அவனை மடியில் படுக்க வைத்துத் தன் வாயை ஆவென்று திறந்து காட்டிக்கொண்டிருந்தாள், அவன் விரலை விட்டு ஆடும் பல்லைப் பிடித்தான். அத்தை குனிந்து பார்த்தார்.

"மேல்பல்லுதானே ஆடுது. அப்ப இதுதான் முதல்ல வந்துச்சா?"

கயல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உங்கள் தங்கை அடுப்படியில் அகப்பையைப் பிடித்தபடியே நின்றாள். அவளுக்கும் தெரியுமோ என்று அந்த நொடியில் எனக்குச் சந்தேகம் வந்தது. இன்றுவரை கேட்கவில்லை.

"கீழ்ப்பல்லுதான் அத்தை," என்றேன். "நான் பக்கத்துலயே இருந்தேன். என் கண்ணால பாத்தேன்."

அத்தை என் முகத்தை நன்றாகப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் பாப்பாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். கயல் ஈரத் துணியை விரலில் சுற்றி, தொண்டையில் உங்கள் சத்தத்தைப் போட்டாள். ஒன்றாம் கியர். அவன் வாயைத் திறந்தான்.