மூன்றாவது மூட்டை

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று மாலை எங்கள் கடைவீட்டு அடுக்களையில் தீப்பிடித்தது. மாடியில் நானும் மதினியும் மட்டும் இருந்தோம். படிக்கட்டு முழுவதும் புகை. தீயணைக்கும் பொம்பாக்காரர்கள் வண்டியில் வந்து சன்னலுக்கு ஏணியை நீட்டினார்கள். ஒரு பொம்பாக்காரர் ஏறி வந்து மதினியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "துங்கு, துங்கு" என்று என்னைக் காத்திருக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

நான் காத்திருக்கவில்லை. புகையில் தனியாக நிற்கப் பயமாக இருந்தது. அவர்கள் தரையைத் தொடுவதற்குள் நானும் ஏணியில் இறங்கினேன். ஏணி வளைந்து குலுங்கியது. ஆள் உயரத்திலிருந்து மதினி விழுந்தாள். கை ஒடிந்துவிட்டது.

அண்ணன் என்னை ஏசவில்லை. "நாலாம் வகுப்போட நின்ன புள்ள. ஏணி எத்தனை பேரைத் தாங்கும்னு அதுக்கு என்ன தெரியும்?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் தலைகுனிந்து நின்றேன்.

எனக்குத் தெரியும். போன மாதம் எங்கள் வீட்டுக்கு எதிரே காஜா பேராங் திடலில் பொம்பாக்காரர்கள் அந்த ஏணியை நீட்டி, ஆள் எடைக்கு மணல் மூட்டைகளைக் கட்டிப் பார்த்தார்கள். சன்னல் திரைக்குப் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தேன். இரண்டு மூட்டைகளைத் தாங்கியது. மூன்றாவதைக் கட்டியதும் வளைந்தது, உடனே அவிழ்த்துவிட்டார்கள். அன்று அதை மதினிக்கு விளக்கிச் சொன்னதே நான்தான்.

அண்ணன் அப்படிச் சொன்னபோது மதினி என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

இப்போது கட்டுப்போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்திருக்கிறாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

"மூணாவது மூட்டை, விளக்கை அணைச்சிட்டுப் படு" என்கிறாள்.