கவிழ்த்து வைத்த கல்

ஜூன் 3, 2025

மூதூர்த் தென்னைகளைப் பெரும்புயல் படுக்கப்போட்ட வருசம் அது. எனக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. துறையடிக் கிணற்றின் கட்டும் உடைந்தது. வள்ளத்துக்கு வருகிற சம்பூர்த் தமிழரும் மூதூர் முஸ்லிம்களான நாங்களும் அதில்தான் தண்ணீர் அள்ளுவோம். சம்பூர் வீரக்குட்டியும் எங்களூர் முத்தலிப்பும் நானுமாகத் திருப்பிக் கட்டினோம்.

நான் சொல்ல, மகள் நஸ்ரியா எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிற ஷாமிலா ரீச்சர் ஊர்ச்சனத்தைச் சேர்த்துக் கிணற்றடியில் மண் கிண்டுகிறார். பழைய கிணறென்று காட்ட ஓர் அடையாளம் வேண்டுமாம். இல்லாவிட்டால், வீதி அகலிக்கிறவர்கள் மாதம் முடிய மூடிவிடுவார்களாம்.

அடையாளம் எனக்குத் தெரியும். என்னவென்று நஸ்ரியா கேட்கிறாள்; அவளுக்கும் சொல்லவில்லை.

ஜூன் 5

கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

ஜூன் 8

நஸ்ரியாவிடம் சொல்லிவிட்டேன். உடுப்புத் தோய்க்கிற கல்லின் அடிப்பக்கம் எழுத்து இருக்கிறது. கட்டு உடைந்தபோது வெளிவந்தது. மூன்று பேருக்கும் வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர்களிடம் காட்டப் பயம்.

வீரக்குட்டிதான் சொன்னான்: “உங்கட ஆக்கள் கட்டினதெண்டு இருந்தா, நாங்க அள்ள ஏலாது. எங்கட ஆக்களெண்டா, உங்களுக்கு ஏலாது. கவிழ்த்து வைப்பம், ஆதம்பாவா.”

சுண்ணாம்பு போட்டுக் கவிழ்த்தோம். வாய் திறப்பதில்லையென்று அந்தத் தண்ணீரையே குடித்துச் சத்தியம் செய்தோம்.

நஸ்ரியா பேனாவை வைத்துவிட்டாள். “வாப்பா, அந்தக் கல்லுலதானே உங்கட சாரனையெல்லாம் அடிச்சித் தோய்ச்சனான்!”

ஜூன் 11

சம்பூர் போனேன். வீரக்குட்டி சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்திருந்த முகாமிலேயே செத்துப்போய்விட்டான். அவன் மனைவி குணமணி முற்றத்தில் கச்சான் கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். சத்தியத்தை முறிக்கலாமா? அவனிடம் கேட்க ஏலாது, அவளிடம் கேட்டேன். என்னை அவள் அண்ணன்போலக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“கவிழ்த்து வச்சும் சண்டை வந்ததுதானே, காக்கா?”

“ஓம்.”

“பிறகென்ன? புரட்டுங்கோ. கிணறாவது மிஞ்சட்டும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

ஜூன் 14

புரட்ட ஆறு பேர் வேண்டியிருந்தது. அன்று நாங்கள் மூன்றே பேர்!

எங்கள் சுண்ணாம்பு பிடித்த பக்கம் கல் பொருக்காக உரிந்துவிட்டது. ஐயோ, நாங்களே அழித்துவிட்டோமா? ரீச்சர் தண்ணீர் தெளித்துத் துடைத்து, நெடுநேரம் குனிந்திருந்தார்.

“நல்லாப் பழசு. கிணறு தோண்டினதெண்டு இருக்கு. ஆர் தோண்டினதெண்ட இடம்தான் போயிட்டு.”

“போகட்டும் ரீச்சர்,” என்றேன். கண் கலங்கிவிட்டது.

ஜூலை 2

வீதியை வளைத்துக் கொண்டுபோகச் சம்மதித்துவிட்டார்கள். கிணற்றடியில் பலகை வைக்கிறார்களாம். கல்லைக் கவிழ்த்தவர்களின் பெயரை ரீச்சர் கேட்டார்.

வீரக்குட்டி, இப்போது இல்லை. முத்தலிப், அவனும் இல்லை. ஆதம்பாவா, இந்தா நிற்கிறேன்.

“அவ்வளவுதானே?” என்றார் ரீச்சர்.

இல்லை ரீச்சர். சுண்ணாம்பு குழைத்துத் தந்த பெட்டை ஒருத்தி. வீரக்குட்டி பிறகு அவளைத்தான் கட்டினான். அவளும் தண்ணீர் குடித்தவள். இருக்கிறாள். எழுதுங்கள், சம்பூர் குணமணி.