பதினாறு என்று நான் சொன்ன துணி

மேசை இழுப்பறையில் ஒரு பழைய பல்சக்கரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது உன் கண்ணாடி கையில் தட்டுப்பட்டது. துணியில் இழை எண்ணுகிற கண்ணாடி. மடக்கினால் தீப்பெட்டிக்குள் அடங்கும், விரித்தால் ஒரு அங்குலச் சதுரம், அதற்கு மேல் ஒரு லென்ஸ். நீ போய் இரண்டு வருஷமாகியும் அதில் உன் மூக்குப்பொடி வாசம் போகவில்லை. சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சக்கரத்தை நான் எதற்குத் தேடினேன் என்று உனக்குத் தெரிந்தால் திட்டுவாய். நேற்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. கடலுக்கு அப்பால் மறுபடியும் எங்கோ சண்டை. பேண்டேஜ் துணி மலை மலையாக வேண்டுமாம். “போன தடவை குடுத்த மாதிரியே குடுங்க அண்ணாச்சி, மீட்டர்தான் முக்கியம்” என்றான், வாங்கும் பிரிவிலிருந்து பேசிய பையன். சரி, பார்க்கிறேன் என்றேன். காலையில் எழுந்து முதல் வேலையாக இழுப்பறையைத் திறந்தேன்.

போன தடவையைப் பற்றி நாம் இருவரும் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன்.

நாம் கூட்டாகப் போட்ட எட்டுத் தறியும் அந்தக் கம்பெனிக்காகத்தான் ஓடின. நூல் அவர்களுடையது, கூலி நம்முடையது. நம்மைப்போல எத்தனையோ தறிக்கூடங்களில் நெய்த துணியை வாங்கி, வெளுத்து, வெட்டி, பெட்டியில் அடைத்துக் கப்பல் ஏற்றுவார்கள். சண்டை இல்லாத காலத்தில் அவர்களுடைய கெடுபிடி உனக்கு நினைவிருக்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் கட்டு திரும்பி வரும். அங்குலத்துக்குக் குறுக்கே பதினாறு ஊடை இழை, ஒன்று குறையக்கூடாது. அதனால்தான் நீ அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாய். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றி முதல் முழம் இறங்கியதும் நீ எண்ணுவாய், சொல்லமாட்டாய். அப்புறம் நான் எண்ணுவேன். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சொல்லவேண்டும். இரண்டும் ஒத்தால்தான் தறி ஓடும். நம் தறிக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். “சாமிக்குப் பூப்போட்டுப் பாக்காவ” என்று கேலி பேசுவார்கள்.

சர்க்கரை உன் கண்ணைத் தின்ன ஆரம்பித்த வருஷம்தான் அந்தச் சண்டை வந்தது. லென்ஸ் வைத்தும் உனக்கு இழை பிரிந்து தெரியவில்லை. “நீயே எண்ணிச் சொல்லுலே, உன் கண்ணும் என் கண்ணுந்தான்” என்று கண்ணாடியை என் கையில் கொடுத்தாய்.

கம்பெனி லாரி வாசலிலேயே நிற்க ஆரம்பித்தது. சங்கரன்கோவில் துணி எந்த நாட்டுக்குப் போகிறது என்று டீக்கடையில் பேச்சு. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. மீட்டர், மீட்டர் என்று தினமும் போன். தறியின் வேகத்தைக் கூட்ட முடியாது, ஆனால் பல்சக்கரத்தை மாற்றினால் இழை நெருக்கம் குறையும், துணி சீக்கிரம் இறங்கும். ஒரு மத்தியானம் நீ சாப்பிடப் போயிருந்தபோது எட்டுத் தறியிலும் சக்கரத்தை மாற்றினேன். நீ வந்து, “எத்தனைலே?” என்று கேட்டாய். லென்ஸில் பதின்மூன்று தெரிந்தது. பதினாறு என்றேன். தலையாட்டிவிட்டு உன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாய்.

ஒன்றரை மாதம் அப்படி ஓடியது. நான் நினைத்துப் பார்க்காதது நூல் மூட்டை. இழை குறைந்தால் ஊடை நூல் மிஞ்சும் என்பது தறிக்கூடத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு உறைக்கவில்லை. மூலையில் காலியாக இருக்கவேண்டிய இடத்தில் உன் முழங்கால் மூட்டையில் இடித்தது. கையால் தடவித் தடவி மூட்டைகளை எண்ணினாய். திட்டுவாய் என்று நின்றேன். “சட்டையப் போடு, கம்பெனிக்குப் போவோம்” என்றாய். அவ்வளவுதான்.

பஸ்ஸில் போய்க் கம்பெனி வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மேனேஜர் முன்னால் நீ எழுந்து நின்று, “எங்க துணி கொறையா வந்திருக்கு சார். திருப்பிக் குடுங்க, வேற நெய்து தாரோம்” என்றாய். ‘எங்க’ என்றுதான் சொன்னாய். என் பக்கம் கைகாட்டவில்லை.

அவர் சிரித்தார். “எங்களுக்குத் தெரியும் பெரியவரே. வந்த அன்னைக்கே பாத்தாச்சு. இப்ப இருக்கிற அவசரத்துல அதெல்லாம் பாக்க முடியாது. கப்பல் ஏறிருச்சு. அங்க எவன் உக்காந்து எண்ணப் போறான்?”

“எண்ணமாட்டான் சார். கட்டிக்கிட்டுக் கெடப்பான்” என்றாய்.

அவர் டீ வரவழைத்தார். நீ குடிக்கவில்லை. நான் குடித்தேன், அது இன்னும் உறுத்துகிறது.

சண்டை ஓய்ந்தபிறகு கம்பெனி எல்லாத் தறிக்கூடத்துக்கும் ஆளுக்கொரு கேடயம் அனுப்பியது, போர்க்காலச் சேவைக்கு நன்றி என்று பொன்னெழுத்தில். நீ அதை நூலுக்குப் போடும் கஞ்சி டிரம்முக்கு மூடியாக்கினாய். “அளவு எடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குலே” என்றாய். தறிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நம் கூட்டுத் தொழிலை முறித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ முறிக்கவில்லை. அடுத்த பாவு ஏற்றிய அன்று வீட்டுக்கு ஆள் அனுப்பி மதினியை வரவழைத்தாய். உலையை இறக்கிவைத்துவிட்டு ஈரக்கையோடு வந்தார்கள். கண்ணாடியை அவர்கள் கையில் கொடுத்து, “எண்ணிச் சொல்லு தாயி” என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்குப் பிறகு நீ இருந்தவரை ஒவ்வொரு பாவுக்கும் மதினிதான். என் கண்ணை நீ மறுபடி கேட்கவே இல்லை.

அப்புறம் உன் காலில் புண். பாளையங்கோட்டையில் உன்னைச் சேர்த்திருந்தபோது வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பாதம் முழுக்கக் கட்டு, ஒரு பக்கம் சிவப்பாக ஊறியிருந்தது. என் பார்வை அதிலேயே நின்றதை, கண் தெரியாத நீ எப்படித்தான் கண்டாயோ. “நம்ம துணி இல்லலே, பயப்படாத” என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு, தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று வெளியே போய் அழுதேன். மன்னிச்சிரு என்று அன்றைக்குக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்கலாம் என்று வந்துவிட்டேன். மூன்றாம் நாள் உன்னை வண்டியில் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவும் நடந்த பிறகும் இன்று காலை அதே சக்கரத்தைத் தேடியிருக்கிறேன் பார். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நீ சொல்வது என்னைப் பற்றித்தான்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். பதினாறு இழைதான் வரும், வாரத்துக்கு இவ்வளவுதான் முடியும் என்றேன். “சண்டை நேரத்துல இப்படிச் சொன்னா எப்படி அண்ணாச்சி? வேற ஆளப் பாத்துக்கிடுதோம்” என்றான். பார்த்துக்கொள்ளட்டும். பார்ப்பார்கள்தான், ஆளுக்கா பஞ்சம். சாயங்காலம் வரை லாரி வரவில்லை. அவர்களுடைய நூல் ஏற்கெனவே ஏற்றியிருந்த தறி ஒன்றை மட்டும் ஓட்டினேன்.

முதல் முழம் இறங்கியதும் வெட்டி எடுத்து, வெளிச்சத்தில் வைத்து எண்ணினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பிறகு துணியையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தேன். மதினி முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கண்ணாடியை வாங்கினார்கள். நான் எண்ணியதைச் சொல்லவில்லை. அவர்களும் எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

“சொல்லுவமா கொழுந்தனாரே?”

இருவரும் ஒன்றாகச் சொன்னோம். பதினாறு.