தவக்காலத்தில் கேட்ட பாட்டு

குருநகர்

அன்பு மகளே,

நீ அனுப்பிய இசைத்தொகுப்பு முதல் தரம் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. கிட்டார்கள் இருட்டில் கனமான எதையோ இழுத்துப் போகின்றன. அதற்கு மேலே உன் கர்நாடகக் குரல் அவசரமில்லாமல் ஏறுகிறது. பல தரம் கேட்ட பிறகுதான் அந்தப் பாரம் உன் குரலுக்குத் தேவை என்று விளங்கியது.

தவக்காலத்தில் நம் வீட்டில் பாட்டுப் போடுவதில்லை. அதை மறந்து நேற்றுச் சத்தமாகப் போட்டுவிட்டேன். கடைசிப் பாட்டில் வாத்தியங்கள் நின்று நீ தனியே பாடும்போது, அம்மா முக்காடிட்டபடி குசினியிலிருந்து வந்தாள்.

“றேடியோவிலை தவக்காலப் பசாம் பாட்டோ? ஆர் உந்தப் பிள்ளை, இப்பிடி உருகிப் பாடுறா?”

“எங்கடை பிள்ளைதான்.”

நீ அந்த இசைக்குழுவில் சேர்ந்த நாளிலிருந்து உன்னோடு கதையாதவள், நீ தனியே பாடியது முடியும்வரை நின்று கேட்டாள். திரும்பவும் மேளம் இடித்தது.

“பிறகேன் உந்தத் தகர அடி? பிள்ளையின்ரை குரலை மூடுது.”

“இஞ்சரும், அதை நீரே அவளிட்டைச் சொல்லும்.”

“ஓம், சொல்லத்தான் போறன். நம்பரை எழுதித் தாங்கோ.”

ஞாயிறு பூசை முடிந்ததும் உனக்குப் போன் எடுப்பாள். அவள் சொல்வதை உடனே ஒத்துக்கொள்ளாதே, மகளே. கொஞ்ச நேரமாவது சண்டை பிடி.

அன்புடன்,
அப்பா