வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் ஒரு அம்புக்குறி

இன்று காலை மம்பாவ் பட்டறையில் மெக்கானிக் என் உள்ளங்கையில் ஒரு பழைய ஜாயிண்டை வைத்தார். என் மகனின் சிறு லோரியிலிருந்து கழற்றியது. கியர் போடும்போதெல்லாம் அடியில் "டொக்" என்று சத்தம் வருகிறதென்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். கூட்டல் குறி போல நான்கு கை நீட்டிய இரும்புத் துண்டு. ஒரு கையில் மட்டும் கிரீஸ் வற்றி, செங்கல் நிறத்தில் துருப்பொடி. முகர்ந்து பார்த்தேன். கருகிய கிரீஸும் துருவும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் வீட்டாரிடம் சொல்லாமல் நான் வைத்திருந்த ஒரு விஷயம் உனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வருவதற்கு ஒரு தேய்ந்த ஜாயிண்ட் வேண்டியிருந்தது, பார்.

கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் நான் லோரி டிரைவர், நீ பட்டறை பிட்டர். வெள்ளைக்காரன் அவசர காலம் அறிவித்திருந்த சமயம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் கேட்டை மூடிவிடுவார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறும் போய்விடக் கூடாதென்று, ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் வாளியைக்கூடக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அந்த நாளில் ரந்தாவிலிருந்து தோட்டத்துக் கடைக்கு அரிசி ஏற்றி வருவது என் வேலை. அரிசி லோரி ஓட்டுகிறவனைப் போலீஸ் எப்போதும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு லோரியை ஜோடித்தது உனக்கு நினைவிருக்கும். பட்டாளம் கழித்துப் போட்ட கிழட்டு லோரி. முன்விளக்கு தொடங்கி, அடியில் கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்கு ஓடும் ஷாப்டு வரைக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்து வைத்தேன். நீ சர்ச்சுக்குப் போகிற ஆள். ஆனாலும் வருடா வருடம் பட்டறையைக் கூட்டிக் கழுவுவது நீதான், சுண்டலையும் பொரியையும் அதிகம் தின்பதும் நீதான். குனிந்து அடியில் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"ஏன்டா, அடியில யாருலா பாக்கப் போறா? ஒங்க சாமி குப்புறப் படுத்தா பாக்கும்?"

"அடியிலயும் அழகா இருக்கட்டும்டா, ஒனக்கென்ன?" என்றேன். அந்த அழகுதான் என்னைக் கொண்டுபோகப் பார்த்தது.

ஒரு மாதத்தில் ஷாப்டின் இரண்டு ஜாயிண்டும் ஆட்டம் கண்டன. ஒரு பிற்பகலில் புதிது மாட்ட உட்கார்ந்தாய். பூட்டு வளையங்களை நெம்பி எடுத்து, வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்திப் பழைய மூடிகளைக் கழற்றினாய். புதிய மூடிகளுக்குள் நெல்லைவிடச் சற்றே நீளமான ஊசி உருளைகளைக் கிரீஸ் தொட்டு ஒவ்வொன்றாக ஒட்டினாய். "ஒரு ஊசி சாஞ்சாலும் மொத்தமும் போச்சு. மூச்சு விடாம நில்லு" என்று என்னை அதட்டினாய். நானும் நின்றேன்.

ஷாப்டு இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழைவது. இரண்டிலும் ஒரு சின்ன அம்புக்குறி வெட்டியிருக்கும். அம்புகள் நேருக்கு நேர் பார்த்தால்தான் இரண்டு முனை ஜாயிண்டுகளும் ஒரே வாட்டத்தில் சுற்றும். இல்லாவிட்டால் ஷாப்டு உதறும், புது ஜாயிண்டையும் அரைத்துத் தின்றுவிடும். நீ துணியால் துடைத்துத் துடைத்துத் தேடினாய். குறி கண்ணில் படவில்லை. அதற்குள் சங்கு ஊதியது. "சரி, இப்படித்தான் இருந்திச்சு" என்று குத்துமதிப்பாக நுழைத்து முடுக்கிவிட்டாய்.

அதற்குப் பிறகு லோரி சதுப்பு ஓரத்து ஏற்ற வளைவில் நிற்க ஆரம்பித்தது. ஒரு வாரம் உதறியது. அடுத்த வாரம் உதறி நின்றேவிட்டது. அதற்கடுத்த இரண்டு வாரமும் அதே வளைவு, அதே மரத்தடி, பின்னால் அரிசி மூட்டைகள். இறங்கி அடியில் பார்த்துவிட்டு, கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் முறை நின்றபோது போலீஸ் வந்து சுற்றிலும் தேட, லாலான் புல்லுக்குள் ஒரு காலி அரிசிச் சாக்கு கிடைத்தது. எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காட்டுக்கு அரிசி கடத்துகிறேன் என்று சொல்லி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் ஆபீசுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். பிடித்து உள்ளே போட்டால் எப்போது வெளியே வருவோம் என்று கிடையாது. அப்படியே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் இங்கே பிறந்தவன், அந்த ஊரைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கல்யாணமாகி ஐந்து மாதம். வாசலில் என் மனைவி அழக்கூடப் பயந்து நின்றாள்.

அப்போதுதான் நீ ஷாப்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாய். தேய்ந்த ஜாயிண்டை மேசைமேல் வைத்தாய். துரைக்கும் அங்கே உட்கார்ந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி மொழிபெயர்த்தார்.

"வண்டி சும்மா நிக்கல தொரை. ஜாயிண்ட் போச்சு."

"புதுசு மாட்டி ரெண்டு மாசம்கூட ஆகலையே, எப்படிப் போகும்? டிரைவர் வேணும்னே கெடுத்தானான்னு இன்ஸ்பெக்டர் கேக்குறாரு" என்றார் கிராணி.

நீ ஜாயிண்டைத் துரையின் பக்கம் நகர்த்தினாய். பிறகு சொன்னாய்: "டிரைவர் கெடுக்கல. நான்தான் தப்பா மாட்டிட்டேன். அம்புக்குறி பாக்கல."

தோளிலிருந்த ஷாப்டை இறக்கி, அம்புக்குறிகளை விரலால் காட்டினாய். பளிச்சென்று தெரிந்தன. ஏனென்றால் ஷாப்டில் ஒரு துளி வெள்ளிப் பெயிண்ட் இல்லை. மண்ணெண்ணெய் போட்டு, சுரண்டி, வெறும் இரும்பாக்கிக் கொண்டுவந்திருந்தாய். குறியை மூடியிருந்தது என் பெயிண்ட் என்று அந்த அறையில் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனேன். நீ என் பக்கம் திரும்பாமலே, முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையின் விரலை ஆட்டினாய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அந்த ஏத்தத்துலதான் கியர் கொறைக்கணும். பாரம் பூரா ஷாப்டுல விழும். அதான் அங்கயே நிக்குது. நம்பலன்னா ஏறி ஒக்காந்து பாக்கச் சொல்லுங்க" என்றாய்.

இன்ஸ்பெக்டர் நிஜமாகவே ஏறி உட்கார்ந்தார். புது ஜாயிண்ட் போட்டு, அம்பு மாறியபடியே மாட்டி ஓட்டினோம். வளைவில் லோரி உதறிய உதறலில் அவர் தொப்பி கழன்று என் மடியில் விழுந்தது. திரும்பி வந்து அம்பை நேராக்கி மறுபடி ஓட்டினோம். ஏற்றத்தில் வழுக்கிக்கொண்டு ஏறியது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, என்னைப் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் அழுததை உன்னிடம் சொன்னதேயில்லை.

துரை உன்னைப் பட்டறையிலிருந்து தூக்கிப் புல்வெட்டில் போட்டார். மறுநாள் நீ புல் வெட்டும் மர நிரையில் வந்து நின்று கத்தினேன்.

"ஏன்டா என் பெயிண்ட சொல்லல?"

நீ கத்தியைத் தீட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாய்: "சொல்லியிருந்தா, குறிய மறைச்சதே நீதான்னு இன்ஸ்பெக்டரு எழுதியிருப்பான்லா. எனக்கு வேலதான் போச்சு. ஒனக்கு ஊரே போயிருக்கும். போ, போய் வண்டியப் பாரு."

நான்கு மாதம் நீ புல் வெட்டினாய். உன் இடத்துக்கு வந்தவரால் ரப்பர் மெஷினை ஒரு வாரம் தொடர்ந்து ஓட்ட முடியவில்லை. கடைசியில் துரையே உன் நிரைக்கு நடந்து வந்து கூப்பிட்டார். கத்தியைக் கழுவி, துடைத்து, வேலை மேய்க்கும் மண்டோரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனாயாம். அந்தத் திமிர் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிறகு முள்வேலியைப் பிரித்தார்கள். என் பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்து, படித்து, வேலைக்குப் போனார்கள். நான் மம்பாவுக்கும் நீ அம்பாங்கானுக்கும் வந்தோம். ஆயுத பூஜைக்கு நீ குடும்பத்தோடு பொரி தின்ன வருவாய். ஒவ்வொரு வருடமும் பூஜைக்கு முதல்நாள் என் பெயிண்ட் டப்பா காணாமல் போகும். என் பிள்ளைகளைத் திட்டுவேன். உன் அடக்கத்தன்று, "அப்பா ஒருவாட்டி ஜாயிண்ட தப்பா மாட்டி வேலைய தொலச்சாரு" என்று உன் வீட்டார் கண்ணீரோடு சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பொய்ச் சிரிப்பை ஏழு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தேன்.

அதனால் இன்று பட்டறையில், "தம்பி, அம்பு நேரா இருக்கா?" என்று குனிந்து பார்த்துவிட்டு, ஜாயிண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகனின் லோரியிலேயே நேராக அம்பாங்கானுக்குப் போனேன். உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலியை, சாக்கை, பெயிண்டை, நீ ஆட்டிய விரலை. அவள் ஜாயிண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அதுக்குத்தானா மாமா?" என்றாள். "பூஜைக்கு மொத நாள் ஒங்க வீட்டுக்குப் போயி பெயிண்ட் டப்பாவ எடுத்துட்டு வந்துடுன்னு அப்பா என்னைத்தான் அனுப்புவாரு. ஏன்னு கேட்டா, 'அவன் கை சும்மா இருக்காதுலா'ன்னு சிரிப்பாரு. எல்லா டப்பாவும் இன்னும் ஸ்டோர்லதான் இருக்கு."

உன்னைத் திட்டிக்கொண்டே சிரித்தேன். அவளும் சிரித்தாள். இந்த முறை பொய்யாகச் சிரிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் பூஜை. இந்த வருடத்துக்கு வாங்கிய வெள்ளிப் பெயிண்ட் வண்டியில் இருந்தது. எடுத்துவந்து அவள் கையில் நானே கொடுத்துவிட்டு வந்தேன்.