அடிபட்ட பெட்டியின் சாட்சி

நறுவிலிக்குளம்
2013 ஆனி 5

அன்புத் தம்பி கீர்த்தனன்,

நீ செய்தனுப்பிய பெட்டியைப் புதுக் கிணற்றுக்குள் இறக்கினோம். நல்ல தண்ணீரென்றால் பச்சை, உப்பென்றால் சிவப்பு என்றாய். சிவப்பு மினுங்கியது. மேலே தூக்கியதும் அதைக் கண்ட நடராசா மாமா, "உது ஆமி ஒட்டுக் கேக்கிற சாமான்!" என்று மண்வெட்டிப் பிடியால் ஒரே போடு. அவரைக் குறை சொல்லாதே. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து வந்த எங்களுக்கு மினுங்குவதெல்லாம் பயம்தான்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வந்த அரசாங்கக் கந்தோர் ஐயாவுக்கு அது வாய்த்துப் போயிற்று. "உடைஞ்ச பெட்டியின்ர கதையை விடுங்கோ. எங்கட மீற்றரில தண்ணி நல்லம்" என்கிறார். அடுத்த மாதத்தோடு பவுசர் லொறியில் வருகிற குடிதண்ணீரை நிறுத்தப் போகிறார்களாம். பிறகு என் பிள்ளை, உன் மருமகள், இதைத்தான் குடிக்க வேண்டும். மறுபடி இறக்கிப் பார்த்தாலும் பெட்டி சிவப்பாகவே எரிகிறது. உண்மையா, அடிபட்ட பிதற்றலா?

அக்கா வேணுஜா


ஒஸ்லோ
2013 ஆனி 19

அன்பின் அக்கா,

மாமாவின் கை இன்னும் பலம்தான்!

பெட்டியின் பக்கத்துப் பொத்தானை அமத்திப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் சிப், விடை தெரிந்த சமிக்ஞை ஒன்றைத் தனக்குள் செலுத்தி, சரியான விடை வருகிறதா என்று பார்க்கும். பழுதான பகுதியை விலக்கி, மிச்சத்தை வேறு விதமாக இணைத்துக்கொண்டு மறுபடி சோதிக்கும். தன்னில் பிழை இல்லையென்றால் மட்டுமே நீல விளக்கு எரியும். நீலம் எரிந்த பிறகு அது சொல்வதை நம்புங்கள்.

அப்போதும் சிவப்பென்றால் அங்கே இருக்க வேண்டாம். பிள்ளையோடு கொழும்புக்குப் போங்கள். வீடு நான் ஒழுங்கு செய்கிறேன்.

கீர்த்தனன்


நறுவிலிக்குளம்
2013 ஆடி 4

அன்புத் தம்பி,

கந்தோர் ஐயாவையும் வரவழைத்து, ஊருக்கு முன்னால் பொத்தானை அமத்தினேன். எல்லா விளக்கும் அணைந்தன. "செத்துப்போச்சு" என்று ஐயா சிரித்தார். பிறகு நீலம் எரிந்ததடா! அடி வாங்கிய சாமான், எங்களோடு பேசுமுன் தன்னையே விசாரித்திருக்கிறது. அதற்குப் பிறகு கிணற்றில் இறக்கியபோதுதான் சிவப்புக் காட்டியது.

"ஐயா, உங்கட மீற்றர் தன்னை உப்பிடிப் பாக்குமோ?" என்று கேட்டேன்.

"அதைச் சரிபாத்துத் திருத்திக் கனகாலமாச்சு, பிள்ளை" என்று முணுமுணுத்தார்.

திருத்தாத மீற்றரை நம்பித்தான் எங்கள் பிள்ளைகளுக்கு உப்பைப் பருக்க இருந்தார்கள். சனம் விடவில்லை. மன்னாரிலிருந்து வேறு மீற்றர் வந்தது. உப்புத்தான். பவுசர் தண்ணீரை நிறுத்தமாட்டோம் என்று எழுதித் தந்துவிட்டார்கள்.

நல்ல ஊற்றுத் தேடி மேட்டுப் பக்கம் வேறு கிணறு வெட்டுகிறோம். கொழும்புக் கதையை இனி எழுதாதே. நீ வரும்போது எந்தக் கிணற்றில் அள்ளித் தருவேனோ தெரியாது. அள்ளித் தர இங்கேதான் இருப்பேன்.

உன் அக்கா
வேணுஜா